பதினாலாம் தேதிச் சீட்டு

— இது என்ன?

— எது?

— தலையணை உறைக்குள்ள பஞ்சு முட்டிக்கிட்டு நிக்குதுன்னு கையை விட்டேன். பஞ்சு இல்ல, ஒரு கட்டுச் சீட்டு.

— ஐயோ, அதை எதுக்கு எடுத்தீங்க? குடுங்க இப்படி.

— நில்லு அங்கேயே. இது நம்ம ஓட்டல் லாண்டரி லாட் சீட்டுதானே? ஷீட்டுக் கட்டோட சேத்துக் குத்துவோமே, அது?

— ஆமா. கட்டைப் பிரிச்சதும் குப்பையிலதானே போடுறீங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன். இதுக்கு ஒரு விசாரணையா?

— குப்பையை எவளாவது தலையணைக்குள்ள ஒளிச்சு வெப்பாளா?

— குக்கர் ரெண்டு விசில் ஆயிருச்சு. அணைச்சுட்டு வந்துடறேன்.

— மூணாவது வரட்டும். பின்பக்கம் பூரா இங்கிலீஷா இருக்கு. யாரு எழுதிக் குடுத்தது?

— யாரும் குடுக்கலை. நான்தான் எழுதினேன்.

— நீயா! பேங்க் ஃபாரத்துல கையெழுத்துப் போட என்னைத் தேடுவே...

— அது போன வருஷம்.

— ஓஹோ. சரி, இதைக் கேளு. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கும் வரும். "ஹி... கிராப்டு... மை... ரிஸ்ட்." ரிஸ்ட்னா மணிக்கட்டு. வாட்சு கடையில சொல்லுவான், தெரியும். யாரு அந்த "ஹி"?

— ஹிஹி.

— சிரிக்காதே! எவன் உன் மணிக்கட்டைப் பிடிச்சான்?

— பிடிச்சான் இல்லீங்க. கிராப்னா லபக்குனு பிடிக்கிறது.

— இன்னும் நல்லதாப் போச்சு! எவன் லபக்குனு பிடிச்சான்?

— கிளினிக்ல கம்பவுண்டர். பிரஷர் பாக்கறதுக்கு. கையை நீட்டறதுக்குள்ள கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுட்டாரு. நீங்கதானே பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து தூங்கிக்கிட்டு இருந்தீங்க?

— நான் தூங்கலை. கண்ணை மூடியிருந்தேன்... சரி, இது? "ஹி விஸ்பர்டு இன் மை இயர்." இயர்னா காது. காதுல எவன் என்ன ஊதினான்?

— கிசுகிசுத்தான். நம்ம சின்னவன். வீட்டுப்பாடம் எழுதலை, அப்பாகிட்ட சொல்லிடாதேன்னு.

— அந்தக் கழுதை... இது? "ஹி ஸ்டேர்டு அட் மி த்ரூ த விண்டோ." ஜன்னல் வழியா! இதுக்கு என்ன கதை விடப்போறே?

— எதிர்வீட்டுக் கடுவன் பூனை. மீன் கழுவினப்ப வெச்ச கண்ணு வாங்காம முறைச்சுது.

— பூனையை எவளாவது அவன் இவன்னு எழுதுவாளா?

— வேணும்னா போய் அதுக்கிட்டயே விசாரிச்சுட்டு வாங்க.

— வாய் நீண்டுருச்சு உனக்கு. ரெண்டு மாசமாவே பாக்கறேன். பாத்திரம் தேய்க்கறப்ப வாய் தானா அசையுது. நான் உள்ள வந்தா நிக்குது. வியாழக்கிழமை ஆனா ஷிப்ட் முடிஞ்சு ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். கேட்டா பஸ்ஸு வரலைங்கறே. பஸ்ஸு வியாழக்கிழமை மட்டும் விரதமா?

— மூணாவது விசில்.

— போய் அணைச்சுட்டு வா. ஓடிப் போயிடாதே.

— ரெண்டு எட்டு வெச்சா அடுப்பு. இதுல எங்க ஓடறது... அணைச்சாச்சு. ஏங்க, என்ன பண்றீங்க?

— ஒண்ணும் பண்ணலை.

— சீட்டையெல்லாம் தரையில வரிசையா வெச்சிருக்கீங்க.

— சும்மாதான்... கலைஞ்சு கிடந்துச்சு.

— முன்பக்கம் திருப்பி வெச்சிருக்கீங்க. இங்கிலீஷு பின்பக்கம்தானே இருக்கு? முன்பக்கம் லாட் நம்பரும் தேதி முத்திரையும்தான்.

— அதனால என்ன?

— எவன் கையைப் பிடிச்சான்னு தேடறவரு, தேதி வாரியா எதுக்கு அடுக்கறீங்க?

— எந்தெந்த நாள் என்ன நடந்துச்சுன்னு ஒரு கணக்குக்கு...

— மை ஹஸ்பண்ட் மம்பிள்ஸ்.

— என்னது?

— அந்த மூணாவது சீட்டுல இருக்கு. வாய்க்குள்ளயே மென்னு முழுங்கிப் பேசறது. அர்த்தம் கேட்டப்ப எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு.

— பேச்சை மாத்தாதே! வியாழக்கிழமை எங்க போறே? அதைச் சொல்லு முதல்ல.

— நெட்டையக்கா வீட்டுக்கு.

— அங்க போகக் கூடாதுன்னு மானேஜர் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு.

— மானேஜர் லாண்டரிக்குத்தான் மானேஜர். என் காலுக்கு இல்ல.

— எதுக்குப் போறே?

— அவங்கதான் சொல்லித் தர்றாங்க. ஓட்டல் ரூமுல ஆளுங்க மறந்துட்டுப் போற கதைப் புஸ்தகமெல்லாம் அழுக்குத் துணியோட சுருண்டு வரும்ல? அதையே படிச்சுப் படிச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்க. பத்து வருஷமா நம்ம பக்கத்துலயே நின்னு இஸ்திரி ரோலர்ல ஷீட்டு விட்டுக்கிட்டு இருந்தாங்க, நமக்குத் தெரியலை பாருங்க.

— கை... கை எப்படி இருக்கு அவங்களுக்கு?

— இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் கேக்கறீங்க.

— கேட்டுட்டேன்ல? சொல்லு.

— வலது கையில ரெண்டு விரல்தான் மடங்குது. டம்ளரைப் பிடிச்சா நழுவுது. ஆனா அவங்க பாடம் வேற மாதிரிங்க. மனப்பாடமே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு வினைச்சொல். அன்னைக்குக் கண்ணால பாத்த ஒண்ணை அந்தச் சொல்லை வெச்சு எழுதணும். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது, தானே பாத்ததுதான். போனான், வந்தான், சொன்னான்னு எழுதினா கிழிச்சுப் போட்டுடுவாங்க. எப்படிப் போனான்? நொண்டினானா, தள்ளாடினானா, நழுவினானா? எப்படிச் சொன்னான்? உளறினானா, முணுமுணுத்தானா, சிடுசிடுத்தானா? நம்ம பேச்சுல எத்தனை வெச்சிருக்கோம்! அங்க போய் எல்லாத்துக்கும் சொன்னான்னு ஒரே "செட்"டை வெச்சுக்கிட்டு நின்னா கேக்கறவருக்கு என்ன புரியும்பாங்க.

— கேக்கறவரா? யாரு கேக்கறவரு?

— நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றாரே, அவரு.

— அவங்க கை மாட்டினதை விசாரிக்க வர்ற அதிகாரியா? அவருகிட்ட உனக்கென்ன பேச்சு?

— அவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்.

— அதுக்குத்தான் மானேஜர் இருக்காரே.

— அதுதான் பயமே. மானேஜர் எழுதின அறிக்கையை அக்கா காட்டினாங்க. "இன்செர்ட்டட் ஹெர் ஹேண்ட்"னு இருக்கு. அர்த்தம் தெரியுமா?

— கையை... விட்டாங்க.

— தானா விட்டாங்க. சாவியைப் பூட்டுல விடுவோமே, அந்த மாதிரி. ஓடற ரோலர்ல ஒருத்தி வேணும்னு கையை விடுவாளா? ரோலர் நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஷீட்டு சுத்திக்கிச்சுன்னு அவங்கதான் நிறுத்தினாங்க. சிக்கின ஷீட்டை உருவிக்கிட்டு இருந்தாங்க. அப்பத்தான் அது ஓடுச்சு. இழுத்துச்சுங்க கையை. இழுத்துச்சு!

— மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுல காது இருக்கு.

— இன்னொரு வரியும் இருக்கு. சிவப்பு அட்டையை மாட்டாம கையை விட்டாங்கன்னு. மெஷினுக்குள்ள கை விடறவங்க பேரு போட்ட சிவப்பு அட்டையை சுவிட்ச்ல மாட்டணும். மாட்டினவங்களே வந்து கழட்டற வரைக்கும் வேற யாரும் தொடக் கூடாது. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லித் தர்ற மேஸ்திரி யாரு?

— நான்தான்.

— பத்து வருஷத்துல அக்கா அட்டை மாட்டாம இருந்து ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?

— மனுஷங்க மறப்பாங்க...

— அந்த வரி நிக்குதுன்னா நாளைக்கே அக்காவை வேலையிலிருந்து தூக்கிடுவாங்க. தன் தப்பால கையைக் கெடுத்துக்கிட்டவன்னு எழுதி அனுப்பிடுவாங்க. அப்புறம் அந்தக் கையோட அவங்களை எந்த லாண்டரி சேத்துக்கும்?

— நீ எதுக்கு நடுவுல போய்க் குதிக்கறே? நீ மடிப்பு மேஜையில இருந்தே. நடுவுல கொடியில ஷீட்டு தொங்குச்சு. அங்க இருந்து உனக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?

— தெரியலைன்னா எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— ஃபேன் ஓடலை.

— ஓடுது, பாருங்க. சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். இந்த வரிசையில ஒரு சீட்டு குறையுது. மூணு வாரமாத் தேடறேன்.

— என்னைக் கேட்டா? இன்னைக்குத்தான் இந்தக் கட்டையே பாக்கறேன்.

— அப்படியா?

— சத்தியமா. பதினாலாம் தேதிச் சீட்டு எங்க போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?

— நான் தேதியே சொல்லலையேங்க.

— நீ... சொன்னே. இப்பத்தான் சொன்னே.

— சொல்லலை. இங்க இருக்கற சீட்டெல்லாம் அதுக்கடுத்த மாசத்துலேர்ந்துதான் ஆரம்பிக்குது. அப்பத்தான் நான் படிக்கவே ஆரம்பிச்சேன். பதினாலுன்னு ஒரு சீட்டு இருந்ததே எடுத்தவங்களுக்குத்தான் தெரியும். எவன் கையைப் பிடிச்சான், எவன் காதுல ஊதினான்... நல்லா நடிச்சீங்க. ஒரு நிமிஷம் எனக்கே பெருமையாக்கூட இருந்துச்சு, இந்த வயசுலயும் சந்தேகப்படறாரேன்னு. உங்களுக்கு என் மேல சந்தேகமே இல்ல. அந்த மாதிரி சீட்டு இன்னும் எத்தனை இருக்குன்னு பாக்கணும். அதுக்குத்தானே இந்தக் கூத்து?

— அது... அப்படியில்ல...

— சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. எடுங்க.

— தொவைக்கப் போட்ட துணியை எடுத்தேன். உன் முந்தானை முடிச்சுல இருந்து விழுந்துச்சு. தேதியைப் பாத்தேன். அவங்க கை மாட்டின நாள்.

— படிச்சீங்களா?

— மூணு வரி. முழுசாப் புரியலை. யாருகிட்ட காட்டறது? மத்த வரியை விரலால மறைச்சுக்கிட்டு ஒரு வார்த்தையை மட்டும் பேப்பர் கடைக்காரன்கிட்ட காட்டினேன். "எடுத்துட்டான்"னான். இன்னொரு வார்த்தையை லிஃப்ட் ஆபரேட்டர்கிட்ட காட்டினேன். "அழுத்தினான்"னான். ஆளுக்கு ஒரு வார்த்தைக்கு மேல காட்டலை. எவனாவது சேத்துப் படிச்சுட்டா?

— அடப் பாவமே... மூணாவது வரி?

— அதுல "ஹி"க்கு அப்புறம் ஒரே ஒரு வார்த்தை. அதுதான் ஒருத்தனுக்கும் தெரியலை. மருந்துக் கடைக்காரன்கூட கண்ணாடியைக் கழட்டிப் பாத்துட்டு, இது மருந்து பேரு இல்லைன்னுட்டான். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடலை. கொன்னான்னு இருக்குமோ, கெடுத்தான்னு இருக்குமோ... உன் பக்கத்துல படுத்துக்கிட்டு உன்கிட்டயே கேக்க முடியாம... என்ன பொழப்புடி இது!

— படிங்க இப்ப.

— "ஹி ரிமூவ்டு த கார்டு." அட்டையை எடுத்தான். "ஹி லுக்டு அட் த கிளாக் அண்ட் பிரெஸ்டு த பட்டன்." கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே பட்டனை அழுத்தினான். அப்புறம்... "ஹி ஃபிளிஞ்ச்டு."

— அழுத்தினீங்களா? நீங்க வாயைத் தொறந்து சொல்லணும்.

— அழுத்தினேன். மானேஜர் மாடியில இருந்து கத்திக்கிட்டு இருந்தாரு. ஆறு மணிக்குள்ள நாப்பது ஷீட்டு மேல போகணும், இல்லைன்னா நாளையிலேர்ந்து வராதேன்னு. சுவிட்ச்ல அட்டை தொங்குச்சு. காலை ஷிப்ட்டு ஆளுங்க கழட்ட மறந்துட்டுப் போயிருப்பாங்கன்னு... பேரைப் பாக்கலை. திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு நொடி வேலை. கடிகாரத்தைப் பாத்தேனே தவிர அதைப் பாக்கலை.

— அந்த அறிக்கையில சாட்சிக் கையெழுத்து உங்களுது.

— இங்கிலீஷ்ல இருந்துச்சு. படிக்கத் தெரியாதுன்னு...

— எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்னு இப்பத்தானே சொன்னீங்க?

— ...வரும். படிக்கலை. படிச்சா புரிஞ்சுடுமோன்னு படிக்கலை. போதுமா? ரெண்டு பிள்ளைங்க இருக்கு, மேஸ்திரி வேலை போனா அடுத்தது என்னன்னு தெரியாது. மானேஜர் பேனாவை நீட்டினாரு. போட்டுட்டேன். என்னைக் கோழைன்னு சொல்லு, கேட்டுக்கறேன். அந்த வார்த்தை அதுதானா?

— இல்ல.

— பின்ன என்னதான் அர்த்தம்?

— நம்ம மேல அடி விழப்போகுதுன்னா உடம்பு சட்டுனு சுருங்கி ஒரு எட்டு பின்னால போகும்ல? நெனைக்கறதுக்கு முன்னாடியே? அதுதான் ஃபிளிஞ்ச். ரோலர் கையை இழுத்தப்ப, உங்க கையே மாட்டின மாதிரி நீங்க சுருங்கினீங்க.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— மூணு வாரமா நான் அதை...

— கெட்ட வார்த்தை இல்லைங்க. நல்ல வார்த்தையும் இல்ல. நடந்தது அது. ஏங்க, அழுதுட்டீங்களா? இந்தாங்க, முந்தானையிலயே துடைங்க. பிள்ளைங்க உள்ள இருக்குதுங்க.

— அந்த ஸ்டூலை எடு.

— எதுக்கு?

— பரண்ல கிழிஞ்ச குடை இருக்கும், கறுப்பு. எடுத்து விரி.

— குடைக்குள்ள என்ன... ஏங்க! அட்டை! அக்காவோட சிவப்பு அட்டை!

— குப்பையில போடச் சொன்னாரு மானேஜர். குப்பைத் தொட்டி வரைக்கும் போனேன். அதுல அவங்க பேரு இருக்குடி. பெயிண்ட்ல அவங்களே எழுதினது. கை வரலை. அதைக் கையில வெச்சுக்கவும் முடியலை, போடவும் முடியலை... நாளைக்கு நீ பேசறப்ப எடுத்துக் காட்டு.

— நான் பேசப்போறது இல்ல.

— பின்ன எதுக்கு இத்தனை படிப்பு?

— நீங்க பேசப்போறீங்க. அட்டையை எடுத்தேன்னு நீங்க தமிழ்ல சொன்னா, அட்டையே இல்லைன்னு மானேஜர் இங்கிலீஷ்ல மாத்திடுவாரு. எடுத்தேன்னா எடுத்தேன்தான், அழுத்தினேன்னா அழுத்தினேன்தான், ஒரு சொல் கூடாம குறையாம சொல்ல ஒரு ஆள் வேணும்ல? மொழிபெயர்க்கற ஆளுன்னு என் பேரைக் குடுத்திருக்கேன்.

— நான் வருவேன்னு உனக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லலை.

— வரலைன்னா?

— மொழிபெயர்க்கறவங்க நாக்காலியில தனியா உக்காந்துட்டு வந்திருப்பேன். நானா உங்களைக் காட்டிக் குடுத்திருக்க மாட்டேன். அதை நெனச்சு எத்தனை நாள் அழுதேன் தெரியுமா? அங்க போய் அக்கா கையைப் பாப்பேன். இங்க வந்து உங்க மூஞ்சியைப் பாப்பேன். இன்னைக்குச் சொல்லுவாரா, நாளைக்குச் சொல்லுவாரான்னு.

— வேலை போயிடும்டி.

— போகும். வேலைக்குப் போக எனக்கு ரெண்டு கை இருக்கு. உங்களுக்கும் இருக்கு.

— ...சரி. வர்றேன். எல்லாம் சரி. அவங்க மூஞ்சியை மட்டும் எப்படிப் பாப்பேன்? குனிஞ்சு ஷீட்டை உருவினதுல பட்டன் அழுத்தினது யாருன்னே தெரியாம ரெண்டு மாசத்துக்கு மேல இருக்காங்க. நாளைக்கு அத்தனை பேரு நடுவுல, மேஸ்திரி, நீங்களான்னு கேட்டா...

— ...

— ஏன் பேசாம நிக்கறே? நீ அவங்ககிட்ட சொல்லிட்டியா?

— சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலை.

— அப்பாடா. அப்ப அவங்களுக்குத் தெரியாது.

— அந்தச் சீட்டை இன்னொரு தடவை பாருங்க. எழுத்து எப்படி இருக்கு?

— கோணல்மாணலா... நீ ஏதோ அவசரத்துல கிறுக்கியிருக்கேன்னு நெனச்சேன்.

— மத்த சீட்டுல என் எழுத்து?

— குண்டு குண்டா... நேரா இருக்கு.

— தானே பாத்ததை மட்டும்தான் எழுதணும்னு சொன்னேன்ல? அன்னைக்கு நான் ஷீட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தேங்க. அலறல் கேட்டுச்சு, ஒண்ணையும் பாக்கலை. நீங்க சுருங்கினதை உங்களுக்கு எதிர்ல, ரோலருக்கு அந்தப் பக்கம் கை மாட்டி நின்னவங்கதான் பாத்தாங்க. சீட்டு அவங்க ஏப்ரன் பையில இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து, இடது கையால எழுதிப் பழகறேன்னு அவங்க முதல் முதலா எழுதி எங்கிட்ட குடுத்தது இந்த மூணு வரிதான்.